எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டும் எழுதப்படாத மொய்யும்

மாசி பிறந்தால் திருவப்பூர். பங்குனி பிறந்தால் நார்த்தாமலை, கொன்னையூர். பூச்சொரிதல், காப்புக்கட்டு, பால்குடம், அக்னிச்சட்டி, தேர் என்று புதுக்கோட்டை மாவட்டத்தில் முத்துமாரியம்மன் பெயரைச் சொல்லியே இரண்டு மாதம் ஓடிவிடும். பெரிய கோயில்கள் முடிந்தால் கிராமத்துக் கோயில்கள். ஆடியில் கூழ். அப்புறம் ஆலங்குடிப் பக்கம் மது எடுப்பு. வருஷத்தில் பாதி இப்படித்தான்.

இந்த நாட்களில் ஒரு குரலிடமிருந்து யாரும் தப்பவே முடியாது. விடியும் முன்னாலேயே வேப்பமரத்தில் கட்டிய குழாயிலிருந்து கிளம்பிவிடும். நார்த்தாமலைத் தேருக்கு மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுவார்கள், அந்தக் குரலுக்கு மட்டும் விடுமுறையே கிடையாது. பிளஸ் டூ பரீட்சையும் பங்குனித் திருவிழாவும் ஒரே சமயத்தில் வருவதால், கணக்குப்பதிவியல் படித்த பாதிப் பேருக்கு ஐந்தொகையும் அம்மன் பாட்டும் சேர்ந்தேதான் மனப்பாடம் ஆகியிருக்கும். (பரீட்சையில் எது ஞாபகத்துக்கு வந்தது என்பது அவரவர் மார்க் ஷீட்டைப் பொறுத்தது.)

அந்தக் குரல் எல்.ஆர்.ஈஸ்வரியுடையது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் "தமிழில் பெரிய வெற்றி பெற்ற ஆல்பம் எது?" என்று கேட்டால் யாரும் அவரைச் சொல்வதில்லை. சினிமாப் படத்தின் பெயர் வரும், ரஹ்மானின் 'வந்தே மாதரம்' வரும், இங்கிலீஷ் பாட்டு கேட்கிறவர்கள் மைக்கேல் ஜாக்சனைச் சொல்வார்கள். ஸ்டுடியோவில் உட்கார்ந்து, வாத்தியக்காரர்களை வைத்து, எந்தப் படத்துக்கும் சம்பந்தம் இல்லாமல் பதிவு செய்த, தலைமுறை தாண்டியும் ஒலித்துக்கொண்டிருக்கிற ஒரு பாடல் தொகுப்பு கண் முன்னாலேயே இருக்கிறது. அது யாருக்கும் ஆல்பமாகவே தோன்றவில்லை. 'சாமி பாட்டு' என்று சொல்லித் தனியாக ஒதுக்கி வைத்தாகிவிட்டது.

அப்படி ஒதுக்கியதில் மரியாதை மட்டும் இல்லை, ஒரு பெரிய கணக்குப் பிழையும் இருக்கிறது.

ஒரே வருஷத்தில் பிறந்த இரண்டு பேர்

1939 நவம்பர் 26-ல் அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில் ஆனா மே புல்லக் என்று ஒரு பெண் பிறந்தார். பிற்காலத்தில் உலகமே அவரை டினா டர்னர் என்று அழைத்தது. அதே வருஷம் டிசம்பர் 7-ல் சென்னையில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் லூர்து மேரி ராஜேஸ்வரி பிறந்தார். ஏற்கெனவே எம்.எஸ்.ராஜேஸ்வரி என்ற பிரபலமான பாடகி இருந்ததால் பெயர் சுருங்கி எல்.ஆர்.ஈஸ்வரி ஆனது. இரண்டு பேருக்கும் இடையில் வயசு வித்தியாசம் இரண்டு வாரம் கூட இல்லை.

ஈஸ்வரியின் அம்மா சினிமாவில் கோரஸ் பாடியவர். அம்மாவோடு போய் 'மனோகரா' (1954) படத்தில் கோரஸில் பாடியதுதான் ஈஸ்வரியின் தொடக்கம். தனிப்பாட்டு வாய்ப்பைக் கொடுத்தவர் கே.வி.மகாதேவன், படம் 'நல்ல இடத்து சம்பந்தம்' (1958). 'பாசமலர்' (1961) கல்யாணப் பாட்டு அவரை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. இன்றும் பெண் அழைப்புக்கு அந்தப் பாட்டு இல்லாமல் மைக் செட்காரர் வருவதில்லை. அப்புறம் 'பணமா பாசமா' (1968) படத்தின் பழம் விற்கும் பாட்டு, 'சிவந்த மண்' (1969) படத்தில் சாட்டை அடிக்கு நடுவே வரும் பாட்டு.

துள்ளல் பாட்டா, கிளப் டான்ஸா, குடித்துவிட்டுப் பாடுவது போன்ற பாட்டா, கூப்பிடு ஈஸ்வரியை என்று சினிமா அவரை ஒரு அறையில் வைத்துப் பூட்டியது. 'வெள்ளி விழா' (1972) படத்தில் வி.குமார் இசையில் காதோடு பேசுகிற மாதிரி மென்மையாக ஒரு பாட்டுப் பாடி, இந்தக் குரலுக்கு இதுவும் வரும் என்று காட்டினார். ஆனாலும் பூட்டு திறக்கவில்லை. 'நல்ல' கதாநாயகிக்கு ஒரு குரல், 'கெட்ட' பெண்ணுக்கு ஒரு குரல் என்று பிரித்து வைத்திருந்த காலம் அது. ஈஸ்வரிக்குக் கிடைத்ததில் பெரும்பகுதி இரண்டாவது வகை.

1976-ல் 'அன்னக்கிளி'யோடு இளையராஜா வந்தார். சத்தம் மாறியது, புதுக் குரல்கள் வந்தன. பழைய குரல்களில் பலவற்றுக்கு சினிமாவில் வேலை குறைந்தது. ஈஸ்வரிக்கும் குறைந்தது.

டினா டர்னர் கதையிலும் அதே வருஷம்தான் திருப்பம். 1976 ஜூலையில், அடித்துத் துன்புறுத்திய கணவர் ஐக் டர்னரை விட்டு ஓடினார். கையில் இருந்தது 36 சென்ட். 1978-ல் விவாகரத்து முடிந்தபோது பணம், சொத்து எதையும் அவர் வற்புறுத்தவில்லை. ரத்தான கச்சேரிகளின் கடன் வேறு தலையில் விழுந்தது. ஒன்றே ஒன்றைத்தான் விடாமல் பிடித்துக்கொண்டார்: டினா டர்னர் என்ற பெயர்.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு அந்த முடிவின் அருமை உடனே புரிய வேண்டும். எல்லாச் சொத்தையும் விட்டுவிட்டு நற்பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியேறிய கூட்டாளி அவர்! பிறகு சில வருஷம் ஹோட்டல்களிலும் டிவி நிகழ்ச்சிகளிலும் பாடிக் காலம் தள்ளினார். போட்ட ஆல்பங்கள் ஓடவில்லை. இனி அவ்வளவுதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். 1984 மே மாதம் கேபிடல் நிறுவனம் 'பிரைவேட் டான்ஸர்' ஆல்பத்தை வெளியிட்டது. பெரும்பாலும் இங்கிலாந்தில், அவசர அவசரமாக, பல தயாரிப்பாளர்கள் சேர்ந்து செய்த ஆல்பம். அதிலிருந்து ஒரு பாட்டு அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தபோது டினாவுக்கு வயசு 44. 1985 கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த ரெக்கார்ட் விருது அந்தப் பாட்டுக்குத்தான். ஆல்பம் உலகம் முழுக்க ஒரு கோடிக்கு மேல் விற்றது.

ஒரு பாடகி, சினிமாவோ கணவரோ கொடுத்த மேடைக்கு வெளியே, ஸ்டுடியோவுக்குள் போய்த் தனக்கென்று ஒரு சத்தத்தைக் கண்டுபிடிக்கிறார். டினாவுக்கு அது 'பிரைவேட் டான்ஸர்'. ஈஸ்வரிக்கு அது 'கற்பூர நாயகியே'வும் 'செல்லாத்தா'வும் மற்ற மாரியம்மன் பாடல்களும். சினிமா கைவிட்ட பிறகும் அவை கைவிடவில்லை.

சாமி பாட்டு எப்படி 'சோல்' ஆகும்?

இங்கே ஒரு நண்பர் சிரிப்பார். மாரியம்மன் பாட்டையும் அமெரிக்க 'சோல்' இசையையும் முடிச்சுப் போடுவது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது இல்லையா?

இல்லை. 'சோல்' இசை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விஷயம் விளங்கும். கறுப்பின மக்களின் தேவாலயத்தில் ஒருவர் முன்னே பாட, கூட்டம் பதில் பாடும். கைதட்டல், கூவல், நடுவில் குரல் உடைந்து வருகிற அழுகை எல்லாம் இருக்கும். இந்தக் கோயில் சத்தத்தை ரே சார்லஸ் போன்றவர்கள் 1950-களில் காதல் பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அது 'சோல்' ஆயிற்று. அங்கே பாட்டு கோயிலிலிருந்து கிளப்புக்குப் போனது. ஈஸ்வரி அதே பாதையில் எதிர்த் திசையில் வந்தார். கிளப் பாட்டில் பழகிய கூவலையும் மூச்சையும் சிரிப்பையும் தாளத்தில் ஏறி உட்காருகிற துணிச்சலையும் உடுக்கைச் சத்தத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்.

அம்மன் பாட்டுக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. காரணம் எளிது. மாரியம்மன் சபையில் உட்கார்ந்து தலையாட்டிக் கேட்கிற தெய்வம் இல்லை. அவளைக் கூப்பிட வேண்டும், கெஞ்ச வேண்டும், கொஞ்சம் மிரட்டவும் வேண்டும். பூசாரி உடுக்கை அடித்துக் கூப்பிடுவது அதைத்தான். அடக்க ஒடுக்கமான கதாநாயகிக் குரலால் அந்த வேலை நடக்காது. சினிமா எந்தக் குரலை 'கெட்ட பெண்' குரல் என்று ஒதுக்கியதோ, அதே குரல் வந்தால்தான் கிராமத்துப் பெண்களுக்கு அருள் வந்தது. இதைவிடப் பெரிய விமர்சனத்தை அந்தக் காலத்து சினிமா மீது யாரும் எழுதியதில்லை.

அமெரிக்காவிலும் எதிர்த் திசையில் போனவர்கள் உண்டு. பாப் உலகில் உச்சத்தில் இருந்த அரீத்தா பிராங்க்ளின் 1972 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு தேவாலயத்தில் பக்திப் பாடல்களைப் பாடி 'அமேஸிங் கிரேஸ்' ஆல்பமாக வெளியிட்டார். அவர் வாழ்நாளில் அதிகம் விற்ற ஆல்பம் அதுதான். அங்கே அதை 'சாமி பாட்டு' என்று தள்ளி வைக்கவில்லை. அவருடைய சாதனைப் பட்டியலில் முன்வரிசையில் வைத்திருக்கிறார்கள்.

கிறிஸ்தவராகப் பிறந்தவர் அம்மனைப் பாடலாமா என்ற கேள்வியை இந்தப் பக்கத்துக் கிராமங்கள் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்காதது ஆச்சரியமும் இல்லை. திருமயம் பக்கம் காட்டுபாவா பள்ளிவாசலுக்கு எல்லா சாதி மதத்துக்காரர்களும் போகிற மாவட்டம் இது. யேசுதாஸ் குரலில் ஐயப்பனுக்கு நடை சாத்தலாம் என்றால் ஈஸ்வரி குரலில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டக் கூடாதா?

தெருவில் இருப்பதை மேடைக்கு ஏற்றுவதும் புதுக்கோட்டைக்குப் புதுசு இல்லை. பஜனைக் கூட்டத்தில் தட்டிக்கொண்டிருந்த கஞ்சிராவைக் கர்நாடகக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. அன்றைக்கும் யாரோ சிரித்திருப்பார்கள்.

விற்பனைக் கணக்கு எங்கே?

'பிரைவேட் டான்ஸர்' எத்தனை விற்றது என்று சொல்ல முடிகிறது. அமெரிக்காவில் அதற்கு ஒரு சங்கம் இருக்கிறது, சான்றிதழ் இருக்கிறது, வாராவாரம் பட்டியல் போடுகிற பத்திரிகை இருக்கிறது. அம்மன் பாடல்களுக்கு அப்படி ஒரு கணக்கு எழுத முடியாமல் போனதற்கு முதல் காரணம் கேசட் கடை.

80, 90-களில் ஒவ்வொரு ஊரிலும் ரெக்கார்டிங் கடை இருந்தது. வெற்றுக் கேசட் ஒன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் பாட்டுப் பட்டியலையும் கொடுத்தால், சாயங்காலம் பதிந்து தருவார்கள். அறுபது நிமிஷ கேசட், தொண்ணூறு நிமிஷ கேசட் என்று ரேட். கடைக்காரருக்குக் காசு வந்தது, கேசட் கம்பெனிக்குக் காசு வந்தது, கேட்டவருக்குப் பாட்டு வந்தது. பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் மூன்று பேருக்கும் அந்தப் பரிமாற்றத்தில் இடமே இல்லை. காசு மட்டுமா போனது? அசல் அட்டையில் அச்சிட்டிருந்த பெயர்களும் போயின. கடைக்காரர் கையெழுத்தில் 'அம்மன் சாங்ஸ் - 2' என்று மட்டும் இருக்கும். அப்புறம் சிடி, எம்பி3, மெமரி கார்டு, பென் டிரைவ் எல்லாம் இதையே இன்னும் வேகமாகச் செய்தன.

இரண்டாவது காரணம் சட்டம். இது பலருக்குத் தெரியாது. பதிப்புரிமைச் சட்டம், 1957-ன் 52-ஆவது பிரிவு, எதெல்லாம் உரிமை மீறல் ஆகாது என்று ஒரு பட்டியல் போடுகிறது. அதில் உண்மையான மதச் சடங்கின்போது பாட்டுப் போடுவதும் ஒன்று. கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தோடு சேர்ந்த கொண்டாட்டங்களும் கூட அதில் அடங்கும் என்று விளக்கமும் சேர்த்திருக்கிறார்கள். ஆக, ஒரு ஹோட்டல் தன் ரெஸ்டாரண்டில் பாட்டுப் போட்டால் லைசென்ஸ் வாங்க வேண்டும். கோயில் திருவிழாவில் பத்து நாள் போட்டாலும் வேண்டாம்.

ஈஸ்வரியின் இரண்டு பெரிய வெற்றிகளை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று கல்யாணப் பாட்டு, இன்னொன்று அம்மன் பாட்டு. சட்டம் 'இங்கே காசு கேட்காதே' என்று சொல்கிற இரண்டு இடங்களிலும் அதிகம் ஒலிக்கிற குரல் ஒரே குரல்!

மூன்றாவது காரணம் பாடகர் என்பவரைச் சட்டம் பார்த்த விதம். பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ஏதோ ஒரு உரிமை ஆரம்பத்திலிருந்தே காகிதத்திலாவது இருந்தது. பாடியவருக்கு அதுவும் இல்லை. பாட்டுக்கு இவ்வளவு என்று ஒரே தடவை கையில் கொடுத்துக் கணக்கு முடிப்பதுதான் சினிமாவில் வெகுகாலம் வழக்கம். 1960-களிலேயே லதா மங்கேஷ்கர் பாடகருக்கும் ராயல்டி வேண்டும் என்றார். சம்பளம் வாங்கியதோடு உறவு முடிந்தது என்றார் முகமது ரஃபி. இந்தத் தகராறில் இருவரும் சில வருஷம் சேர்ந்து பாடவே இல்லை. 1994 திருத்தத்தில்தான் பாடகர் போன்ற நிகழ்த்துகலைஞருக்குத் தனி உரிமை என்ற ஒன்று இந்தியச் சட்டத்தில் வந்தது. வணிகப் பயன்பாட்டுக்கு ராயல்டி உண்டு என்று தெளிவாகச் சொன்னது 2012 திருத்தம். அதற்கு அடுத்த வருஷம் பாடகர்கள் தங்களுக்கென்று ஒரு உரிமைச் சங்கம் அமைத்தார்கள். லதா கேட்டதற்கும் சட்டம் சொன்னதற்கும் நடுவில் ஐம்பது வருஷம்.

கணக்குப்பதிவியலில் ஒரு விதி உண்டு. ஒரு நிறுவனம் தானாக வளர்த்துக்கொண்ட நற்பெயரைச் சொத்தாகப் புத்தகத்தில் காட்டக் கூடாது. காசு கொடுத்து வாங்கிய நற்பெயரைத்தான் காட்டலாம். கணக்குத் தரநிலை 26 இதைத்தான் சொல்கிறது. ஈஸ்வரியின் குரல் கிட்டத்தட்ட அந்த நிலைமையில்தான் இருந்தது. அவர் வளர்த்த குரல் அவர் புத்தகத்தில் சொத்து ஆகவில்லை. அந்த ஒலிப்பதிவைக் காசு கொடுத்து வாங்கிய கம்பெனியின் புத்தகத்தில் சொத்து ஆயிற்று. டினா டர்னர் 2021-ல் தன் இசை உரிமைகளோடு பெயர், உருவம் ஆகியவற்றின் உரிமையையும் பிஎம்ஜி நிறுவனத்துக்கு விற்றார். விற்பதற்கு அவர் கையில் சரக்கு இருந்தது. வித்தியாசம் குரலில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது.

"சாமிக்குப் பாடியதற்குக் காசு கேட்பதா?"

இந்த மறுப்பு கட்டாயம் வரும். நியாயமான மறுப்புதான், தள்ளிவிட முடியாது. பக்தியை மீட்டர் போட்டு அளந்தால் திருவிழா கெட்டுவிடும். வருஷம் முழுக்கக் கூலி வேலை செய்து வரி கொடுத்து விழா நடத்துகிற ஒரு சின்னக் கிராமத்திடம் போய் "பாட்டுக்கு லைசென்ஸ் எங்கே?" என்று யாரோ ஒருவர் நிற்பதும் அசிங்கம். அதனால் 52-ஆவது பிரிவின் அந்த விலக்கு இருக்கட்டும். அதை எடுக்கச் சொல்வது சரியாக இருக்காது.

ஆனால் 'சாமி காரியத்தில் காசா' என்று சொல்கிறவர்கள் விழா முடிந்ததும் கமிட்டி ஒட்டுகிற வரவு செலவு நோட்டீஸை ஒரு தடவை படிக்க வேண்டும். பந்தல், சீரியல் லைட், ரேடியோ செட் வாடகை, வாணவேடிக்கை, கரகாட்டம், நாதஸ்வரம், பூ, பூசாரி சம்பளம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி இருக்கும். பறை அடித்தவருக்குக் கூலி உண்டு, குழாய் கட்டியவருக்கு வாடகை உண்டு. அந்தக் குழாய்க்குள் பாடியவருக்கு மட்டும்தான் வரி இல்லை. எல்லோருக்கும் சாமி காரியம்தான். ஒருத்தருக்கு மட்டும் அது இலவசம்.

இதில் இன்னும் உறுத்துகிற விஷயம், இது மொய் விருந்து நடத்துகிற மாவட்டம். கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து வைத்தால், யார் எவ்வளவு செய்தார் என்று நோட்டுப் போட்டு எழுதி, வருஷங்கள் போனாலும் தேடிப் பிடித்துத் திரும்பச் செய்வார்கள். வாங்கியதைச் செய்யாமல் விட்டால் ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. ஒரு குரலிடமிருந்து மட்டும் இத்தனை வருஷம் வாங்கியாயிற்று, நோட்டில் ஒரு வரி கூட இல்லை.

சரி, என்னதான் செய்வது?

கிராமத்திடம் கேட்க வேண்டாம் என்றால் யாரிடம் கேட்பது? அந்தப் பாட்டை வைத்துச் சம்பாதிக்கிற இடத்தில் கேட்க வேண்டும். திருவிழாவுக்கு விலக்கு உண்டு, விளம்பரம் ஓட்டுகிற வீடியோ தளத்துக்கு இல்லை. ஆடி மாதம் பக்தி நிகழ்ச்சிக்கு ஸ்பான்சர் பிடிக்கிற டிவிக்கும் காலர் ட்யூன் விற்கிற கம்பெனிக்கும் இல்லை. பழைய ஒலிப்பதிவாக இருந்தாலும், அன்றைய ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்டிருந்தாலும், அந்த வருமானத்தில் ஒரு பங்கு பாடியவருக்கும் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் போக வேண்டும். சட்டம் எந்த வருஷத்திலிருந்து செல்லும் என்று வக்கீல்கள் வாதாடிக்கொண்டிருக்கலாம். கம்பெனிகள் தாமாகவே செய்வதை யாரும் தடுக்கப் போவதில்லை.

கமிட்டிகள் செய்யக்கூடியதும் உண்டு, அதற்குப் பைசா செலவில்லை. விழா நோட்டீஸில் எம்.எல்.ஏ.வில் ஆரம்பித்து டீக்கடைக்காரர் வரை ஐம்பது பெயர் போடுகிறார்கள். விழாவில் ஒலிக்கும் பாடல்களைப் பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் பெயரையும் ஒரு ஓரத்தில் போடலாம். அட்டையோடு தொலைந்த பெயர்களை மீட்க அதுவே போதும்.

இதையெல்லாம் விட முக்கியமானது இனிமேல் பாடப் போகிறவர்கள். புதுக்கோட்டை மாவட்டம் களபம் ஊர்க்காரர் செந்தில் கணேஷ் 2018-ல் விஜய் டிவியின் சூப்பர் சிங்கரில் வென்ற பிறகு, நாட்டுப்புறப் பாட்டுப் பாடினால் ஒரு வாழ்க்கை உண்டு என்று இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நம்பிக்கை வந்திருக்கிறது. திருவிழாவுக்குத் திருவிழா புதுக் குழுக்கள் வருகின்றன. போனிலேயே பதிவு செய்து, யாரோ ஒருவர் சேனலில் ஏற்றிவிடுகிறார்கள். அந்த 'யாரோ ஒருவர்' ஒரு தாளை நீட்டுவார், கையெழுத்துப் போடச் சொல்வார், கொஞ்சம் ரூபாய் கொடுப்பார். ஈஸ்வரி காலத்து ஏற்பாடு திரும்பவும் அதே மாதிரி நடக்கிறது. மாறியிருப்பது கேசட்டுக்குப் பதில் சேனல் என்பது மட்டும்தான்.

அந்தத் தாளில் கையெழுத்துப் போடும் முன் தெரிந்திருக்க வேண்டியது கொஞ்சம்தான். உரிமையை எழுத்தில்தான் மாற்றிக் கொடுக்க முடியும், வாய்ப்பேச்சு செல்லாது. எத்தனை வருஷத்துக்கு என்று தாளில் எழுதாவிட்டால் ஐந்து வருஷம்தான் என்கிறது சட்டம். எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்தான். இந்த விதிகள் பாடகர் உரிமைக்கும் பொருந்தும். நிகழ்த்துகலைஞர் உரிமை ஐம்பது வருஷம் நீடிக்கும். 'நிரந்தரமாக, உலகம் முழுவதும்' என்ற இரண்டு வார்த்தை தாளில் இருந்தால் பேனாவை மூடி வைத்துவிட்டு விவரம் தெரிந்த யாரிடமாவது கேட்க வேண்டும். மன்னர் கல்லூரியிலும் மற்ற கல்லூரிகளிலும் பி.காம். படிக்கிற பிள்ளைகள் வணிகச் சட்டம் படிப்பது செமஸ்டர் முடிந்ததும் மறப்பதற்கா? ஊரில் பாடுகிற ஒருவருக்கு ஒரு ஒப்பந்தத்தைப் படித்துச் சொன்னால் அந்தப் பாடம் ஒரு தடவையாவது உபயோகப்பட்டதாக இருக்கும்.

ஈஸ்வரியைப் பொறுத்தவரை பரிதாபப்பட எதுவும் இல்லை. 2011-ல், 72-ஆவது வயசில், 'ஒஸ்தி' படத்தில் தமன் இசையில் டி.ராஜேந்தரோடு பாடி, பேரப்பிள்ளை வயசுக்காரர்களை ஆட வைத்தார். 2020-ல், எண்பது வயசில், 'மூக்குத்தி அம்மன்' படத்தில் ஆடித் திருவிழாப் பாட்டுக்கு அவரைத்தான் தேடிப் போனார்கள். அம்மனைப் பற்றிப் படம் எடுத்தால் அந்தக் குரல் இல்லாமல் முடியாது என்று சினிமாவே கடைசியில் ஒத்துக்கொண்டது. டினா டர்னர் 2023 மே மாதம் ஸ்விட்சர்லாந்தில் இறந்தபோது உலகப் பத்திரிகைகள் எல்லாம் 'பிரைவேட் டான்ஸர்' பற்றி எழுதின. ஒரு பாடகியின் ஆல்பத்தை வெற்றி என்று எழுத அவர் போகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அடுத்த மாசியில் திருவப்பூரில் பூச்சொரிதல் தொடங்கும். குழாய் கட்டுவார்கள். பென் டிரைவில் 'அம்மன் சாங்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதற்கு 'எல்.ஆர்.ஈஸ்வரி' என்று பெயர் மாற்ற அரை நிமிஷம் ஆகும். மொய் நோட்டில் முதல் வரியை அங்கிருந்து எழுத ஆரம்பிக்கலாம்.